அழைத்தவர்கள் அனுப்பவில்லை

திண்டுக்கல்லில் என் பெட்டி பாடாத கல்யாண மண்டபம் கிடையாது. பெட்டி என்றால் ஸ்பீக்கர் பெட்டி. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு குழாய் ஸ்பீக்கரையும் ஒரு ஓட்டை ஆம்ப்ளிஃபயரையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, காதுகுத்து வீடு, சாவு வீடு என்று பார்க்காமல் ஊர் ஊராக மிதித்தவன். இன்றைக்கு என் பெயர் எழுதிய வண்டிகள் பழனி ரோட்டில் போனால் எதிரில் வருகிறவன் ஹாரன் அடித்து வணக்கம் வைப்பான். மேடையில் எங்கேயோ ஒரு வயரில் இரைச்சல் வந்தால், படித்த இன்ஜினியர் மீட்டரை எடுப்பதற்குள் எந்த வயர் என்று காதாலேயே சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமையில்தான் இந்தக் காரியமும் நடந்தது.

சென்னையில் இருந்து ஒரு பாட்டுக் குழு வந்தது. நாலு பையன்கள். கிடார், டிரம்ஸ், முடியை வளர்த்துக் கொண்டை போட்ட ஒரு பாடகன். இங்கிலீஷ்காரன் மாதிரி இரைச்சலாக வாசிப்பார்கள், தமிழில் பாடுவார்கள். போன் வைத்திருக்கிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவர்கள் என்றால் உயிர். எனக்கும் பிடித்தது. வயசானவனுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று நினைப்பவர்கள் என்னைத் தெரியாதவர்கள். இங்கே ஒரு காலேஜ் விழாவுக்கு அவர்கள் வந்தபோது சவுண்டு என்னுடையது. பத்துப் பாட்டு முடிந்ததும் அந்த கிடார்காரத் தம்பி நேராக என்னிடம் வந்தான்.

"ஐயா, நாங்க எவ்வளவோ ஊர்ல வாசிச்சிருக்கோம். இப்படி எங்களுக்கே எங்க சத்தம் தெளிவா கேட்டதில்ல. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"காதுகிட்டதான் தம்பி" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் விழுந்தது அந்த இடத்தில்தான்.

அடுத்த மாதமே திரும்பி வந்தார்கள். இந்தப் பக்கத்துக் கொட்டுச் சத்தம் ஏதாவது வேண்டும், புதுப் பாட்டு ஒன்று செய்கிறோம் என்றார்கள். நான் உறுமிக்காரருக்கு ஆள் அனுப்பினேன். வேடசந்தூர் பக்கம் வானம் பார்த்த பூமி எங்கள் ஊர். எங்கள் குலசாமி கருப்பு. அந்தக் கோயிலுக்குத் தலைமுறையாக உறுமி அடிக்கிற குடும்பம் அவருடையது. என்னைவிட நாலு வயசு மூத்தவர். ஆனாலும் ஊர் வழக்கம், நான் அவரை வா, போ என்பேன். அவர் என்னை மொதலாளி என்பார். இப்போது எழுதும்போது அவர் என்று வருகிறது. நேரில் ஒரு நாளும் அப்படி வந்ததில்லை.

உறுமி பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் குச்சியால் அடிப்பது, இன்னொரு பக்கம் வளைந்த குச்சியால் தோலைத் தேய்ப்பது. தேய்க்கிற பக்கம்தான் அந்த உறுமல் வரும். மாடு அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி. என் குடோனில் மைக் கட்டி அதை வாசிக்கச் சொன்னோம். கிடார் தம்பி அசந்து உட்கார்ந்துவிட்டான். அப்புறம் கிடாரை எடுத்தான். காலையில் இருந்து பொழுது சாய்கிற வரை அந்த ஒரு உறுமலைத் தன் கம்பியில் கொண்டுவரப் பாடுபட்டான். விரலால் இழுத்துப் பார்த்தான், இரும்புக் குழாயால் தேய்த்துப் பார்த்தான். விரல் நுனி கிழிந்து ரத்தம் கசிந்தது. சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. சாயந்தரம் ஒரு தரம் வந்தது. அப்படியே வந்தது. உறுமிக்காரர் தொடையில் ஓங்கித் தட்டினார்.

"அட, உறுமுதுய்யா! கம்பி உறுமுது மொதலாளி!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. இதை நான் திருட்டு என்று சாகிற வரைக்கும் சொல்ல மாட்டேன். ஒரு மனிதன் கேட்டான், ரத்தம் வர உழைத்தான், அவன் உடம்புக்குள் போய் வேறு ஒன்றாக வெளியே வந்தது. நானும் தொழில் அப்படித்தான் கற்றேன். உறுமிக்காரர்கள்கூடப் புதுப்படம் வந்த மறுநாள் அந்தப் பாட்டை ஊர்வலத்தில் அடிப்பார்கள். யாரை யார் கேட்டுக்கொண்டு செய்கிறோம்?

அதோடு நின்றிருக்கலாம். மறுநாள் பாடகத் தம்பி கேட்டான், "சாமி ஆட வைக்கிற அடி ஒண்ணு இருக்காமே, அதை வாசிக்கச் சொல்லுங்க ஐயா."

உறுமிக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். "அது வேணாம் மொதலாளி. அது அழைப்பு. கோயில்லதான் அடிக்கணும். கூப்ட்டா வந்துருவாக."

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். வருசத்துக்கு ஒரு தரம் நடக்கிற கோயில் கும்பிடு அன்றைக்கு உறுமிக்காரர் அந்த அழைப்பை அடிப்பார். சாமியாடி மேல் கருப்பு இறங்கும். ஆடி, வாக்குச் சொல்லி, திருநீறு கொடுத்து முடிந்ததும், வேறொரு அடி அடிப்பார். அது மெதுவாகப் போகும், தேய்ந்துகொண்டே போகும். அதைக் கேட்டுத்தான் சாமி மலையேறும். மலையேறினால்தான் ஆடினவன் பழையபடி மனிதனாவான். அழைப்பு அடித்தால் அனுப்புகிற அடியும் அடித்தாக வேண்டும். அழைத்துவிட்டு அனுப்பாமல் விடுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

எங்கள் சாமியாடி வேறு யாருமில்லை, என் மனைவியின் தம்பி. என் மாப்ள. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறவன். வாயில்லாப் பூச்சி. ஆனால் கருப்பு இறங்கிவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் அவன் காலடியில் நிற்பார்கள். இருபத்தெட்டு வருசமாக அவன்மேல்தான் இறங்குகிறது.

நான் சொன்னேன், "அட என்னப்பா நீ. மாப்ள பாலக்காட்டுல லோடு எறக்கிக்கிட்டு இருக்கான். சாமியாடியே இல்லாம சாமி எங்கிட்டு எறங்கும்? சும்மா அடி. நான் இருக்கேன்ல."

நான் இருக்கேன்ல. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நான் இத்தனை வருசம் தொழில் செய்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் செருப்பைக் கழற்றினார். கோயில் எந்தத் திக்கு என்று கணக்குப் பார்த்து அந்தப் பக்கம் திரும்பினார். ஒரு கட்டி சூடம் கேட்டார், கொளுத்தினார். அழைப்பை அடித்தார். முடிந்த கையோடு, யாரும் கேட்காமலே, அனுப்புகிற அடியையும் முழுசாக அடித்தார். அது ரொம்ப நீளம். பையன்கள் நடுவிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டார்கள். எல்லாம் என் ரெக்கார்டிங் மிஷினிலும் ஏறியது. என்னிடம் ஒரு காப்பி எப்போதும் இருக்கும், அது என் பழக்கம்.

பாட்டு வெளிவந்தது. கிடாரில் அந்த உறுமல் வருகிற இடம் நன்றாகவே இருந்தது. ஆனால் பாதியில் எல்லாம் நின்று, உறுமிக்காரர் அடித்த அழைப்பு அப்படியே வந்தது. அது கிடாரில் வரவில்லை, வேறு யாரும் வாசிக்கவில்லை. என் குடோனில் நான் கட்டிய மைக்கில் விழுந்த அதே அடி. வெட்டி எடுத்து, நாலு தரம் திரும்பத் திரும்ப ஒட்டி, அதன்மேல் டிரம்ஸை ஏற்றியிருந்தார்கள். அது உச்சத்துக்குப் போய்ப் பாட்டு சட்டென்று அறுந்து நிற்கும். பிள்ளைகள் அந்த இடத்துக்காகவே கேட்டார்கள். அனுப்புகிற அடி ஒரு துளிகூட இல்லை.

அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. பாட்டின் கீழே நன்றி என்று போட்டு என் பெயரை எழுதியிருந்தார்கள். உறுமிக்காரர் பெயரும் இருந்தது, எனக்குக் கீழே. நான் அவர்களோடு நின்ற படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரிடமும், "அந்தப் பாட்டு பொறந்தது நம்ம குடோன்லதான்" என்றேன்.

மூன்று மாதம் கழித்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் மத்தியானப் பந்தி முடிந்த நேரம். பையன்கள் அந்தப் பாட்டைப் போடச் சொன்னார்கள். என் பெட்டி, என் குடோனில் பிறந்த பாட்டு, நானே போட்டேன். அந்த இடம் வந்தது. மாப்ள வெற்றிலையை மென்றுகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். ஆடினான். பையன்கள் விசிலடித்துச் சுற்றி நின்றார்கள், எல்லார் கையிலும் போன்.

"ஏலே, சித்தப்பா செம ஆட்டம்டா!"

"விடாதீக சித்தப்பா, இன்னும் கொஞ்சம்!"

எனக்கும் சிரிப்பு. கூச்சம் பிடித்தவன் கல்யாணத்தில் ஆடுகிறானே என்று சத்தத்தை இன்னும் இரண்டு புள்ளி ஏற்றி வைத்தேன். என் மனைவிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ நிப்பாட்டுங்க! அவன் கால் வெரலப் பாருங்க!"

பார்த்தேன். பெருவிரல் இரண்டும் தரையைக் கவ்விப் பிடித்திருந்தன. கண் மேலே ஏறியிருந்தது. இருபத்தெட்டு வருசம் பார்த்தவன் நான், எனக்கு அது தெரியாமல் போயிற்று.

பாட்டை நிறுத்தினேன். அவன் நிற்கவில்லை. தண்ணீரை அடித்து, திருநீறு பூசி, நாலு பேர் பிடித்து உட்கார வைத்தோம். மூன்று நாள் உடம்பு கொதித்தது. தலைக்குள் யாரோ நின்றுகொண்டே இருக்கிற மாதிரி இருக்கிறது என்றான். இறங்கிய சாமியை அனுப்பி வைக்க அங்கே உறுமி இல்லை. அதற்குள் அந்தப் பையன்கள் எடுத்த படம் போன் போனாகப் போய்விட்டது. சாமியாடியைக் குடிகாரன் என்று சிரித்தார்கள்.

அப்புறம் அது அவனை விடவில்லை. பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, பரோட்டாக் கடை, பக்கத்தில் நிற்கிற காரின் ஜன்னல், ஒருத்தன் சட்டைப் பையில் அடிக்கிற போன். எங்கே போனாலும் அந்த அழைப்பு.

"மனுசன் எந்நேரமும் சாமியா இருக்க முடியுமா மாமா?" என்று கேட்டான் ஒரு நாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு லாரி ஓட்டினான். ஒரு காலையில் செக்போஸ்டில் வரிசையில் நிற்கும்போது பஞ்சை எடுத்திருக்கிறான், யாரோ ஏதோ கேட்டார்கள் என்று. முன்னால் நின்ற வேனில் அந்தப் பாட்டு. ஸ்டியரிங்கை விட்டுவிட்டான். லோடு லாரி உருண்டு போய் வேன் மேல் இடித்து நின்றது. ஆளுக்கு ஒன்றுமில்லை. ரோடெல்லாம் தக்காளி. பின்னால் நின்ற லாரிக்காரர்கள்தான் அவனைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். லாரி முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர்தான், "ஒடம்பப் பாத்துட்டு வாங்க, அப்பறம் பாப்போமுங்க" என்று சொல்லித்தான் வாங்கினார். திருப்பிக் கொடுக்கவில்லை.

நான் கிடார் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் எடுத்தான், அதைச் சொல்ல வேண்டும். முழுசாகக் கேட்டான்.

"ஐயா, சத்தியமா எங்களுக்குத் தெரியாது. நாங்க மரியாதையோடதான் எடுத்தோம்."

"மரியாதை கெடக்கட்டும் தம்பி. கூப்ட்டா அனுப்பணும். அனுப்புற அடிய அதுல சேத்துருங்க."

"அது மூணு நிமிஷத்துக்கு மேல இருக்கு ஐயா. பாட்டே நாலு நிமிஷம்தான். வெளிவந்த பாட்டை இனிமே மாத்தவும் முடியாது, கம்பெனி விடாது." அப்புறம் அவனாகவே சொன்னான். "கச்சேரியில வாசிக்கும்போது அந்த இடத்தை விட்டுடறோம். என்னால அவ்வளவுதான் முடியும்."

அவன் விட்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். கச்சேரி வருசத்தில் எத்தனை? பாட்டோ ஒவ்வொருத்தன் பையிலும் இருக்கிறது.

கோபத்தோடு உறுமிக்காரர் வீட்டுக்குப் போனேன். அதுவரை அவர் வாசலை மிதித்ததில்லை. "பாத்தியா, நம்ம சாமியத் திருடிட்டுப் போயிட்டானுக" என்றேன்.

அவர் உறுமித் தோலை வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"அவுக எடுத்துட்டாகங்கிறீக. எங்க பாட்டன் காலத்துல இருந்து நாங்கதான் அடிக்கிறோம் மொதலாளி. கருப்பு ஒங்க வீட்டாளுக மேலதான் எறங்குது. நாங்க மதிலுக்கு வெளிய நின்னு அடிக்கிறோம், உள்ள ஒங்களுக்குத் திருநீறு. நான் என்னைக்காச்சும் கேட்டிருக்கனா?"

வாசலில் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

"அன்னைக்கு வேணாம்னுதான் சொன்னேன்" என்றார். "நீங்க இருக்கேன்னீக."

ஆனாலும் நான் தோற்றுப் பழகாதவன். என் மிஷினில் முழுசும் இருந்ததே. அனுப்புகிற அடியைத் தனியாக வெட்டி மாப்ளயின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். பாட்டு எங்கேயாவது கேட்டு உடம்பு முறுக்கினால், இதைக் காதில் வைத்துக்கொள் என்றேன். முதல் நாலைந்து தரம் வேலை செய்தது. நடுங்கிக்கொண்டே போனைக் காதில் அழுத்துவான், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருவான். நான் கடையில் உட்கார்ந்துகொண்டு, "கருப்பையே ரிமோட்ல வச்சிட்டேன்யா" என்று சொல்லிச் சிரித்தேன். அப்படிச் சொன்னது என் நாக்குத்தான். அது தப்பு என்று இன்றைக்கு வரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை, இங்கே எழுதுகிறேன்.

போன வருசம் கும்பிடு வந்தது. கோயில் ஊருக்கு வெளியே, முள்ளுக்காட்டுக்கு நடுவில். கரண்டு கிடையாது, என் ஜெனரேட்டர்தான். பொங்கல் பானை வரிசையாகப் பொங்கிவிட்டது. கிடாய் நின்றது. வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் லீவு போட்டு வந்திருந்தார்கள். கருப்பு இறங்கி உத்தரவு கொடுக்காமல் ஒரு காரியமும் நடக்காது. மாப்ள குளித்து, சலங்கை கட்டி, அரிவாளைப் பிடித்து நின்றான். உறுமிக்காரர் மதிலுக்கு வெளியே நின்று அழைப்பை அடித்தார்.

மாப்ள நின்றான். வெறும் மனிதனாக நின்றான்.

திரும்ப அடித்தார். வேர்வை ஒழுகியது. மூன்றாவது தரம். கூட்டத்தில் பையன்கள் அந்த அடிக்கு வாய்க்குள் பாட்டை முணுமுணுத்தார்கள், தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு அது பாட்டு. மாப்ள தலை குனிந்து நின்றான். பெண்கள் பேச ஆரம்பித்தார்கள்.

"தீட்டு பட்டிருக்கும்."

"கல்யாணத்துல கூத்தாடுனவன் மேல கருப்பு எறங்குவாரா?"

என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஏதாவது செய்யுங்கள் என்கிற பார்வை. நான் எதையும் சரிசெய்துவிடுகிறவன் ஆயிற்றே.

நான் மைக் செட்டுக்குப் போனேன். அந்தப் பாட்டைப் போட்டேன்.

நேராக அந்த இடத்தில் இருந்து போட்டேன். எட்டுப் பெட்டியிலும் முள்ளுக்காடே அதிர்கிற மாதிரி வைத்தேன். மாப்ள தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தான். அப்புறம் ஒரு உலுக்கு உலுக்கி ஆடத் தொடங்கினான். கூட்டம் கையைத் தலைக்குமேல் தூக்கியது. குலவைச் சத்தம். கிடாய்க்கு உத்தரவு கொடுத்தான். வரிசையில் நின்றவர்களுக்குத் திருநீறு கொடுத்தான். புருசனை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு வந்த ஒரு பிள்ளை காலில் விழுந்து அழுதது. அதன் நெற்றியிலும் பூசினான். பாட்டு முடிந்து முடிந்து நான் திரும்பப் போட்டேன். மூன்று தரம்.

எல்லாம் முடிந்து மலையேற்ற வேண்டிய நேரம். எல்லாரும் மதில் பக்கம் திரும்பினார்கள். உறுமிக்காரர் உறுமியைத் தோளில் இருந்து கழற்றி மண்ணில் வைத்திருந்தார்.

"அடிப்பா" என்றார் ஊர்ப் பெரியவர்.

"நான் அழைச்சதுக்கு வரல சாமி" என்றார் அவர். சத்தம் போடவில்லை. "அழைச்சவுக அனுப்பட்டும்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முள்ளுக்காட்டு வழியாக நடந்தார். உறுமி அங்கேயே கிடந்தது. அவருடைய மகன் மறுநாள் வந்து எடுத்துப் போனான். அதற்கப்புறம் எங்கள் கோயிலுக்கு அவர் அடிக்க வரவில்லை.

அனுப்புகிற அடியையும் நான்தான் மிஷினில் போட்டேன். மாப்ள மெதுவாகச் சுற்றி, முறையாகக் கீழே விழுந்தான். தண்ணீர் கொடுத்தோம். ஊர் சோறு தின்னப் போனது. பெரியவர்கள் என் முதுகில் தட்டினார்கள். "நீங்க இல்லைன்னா இன்னைக்கு மானம் போயிருக்கும்" என்றார்கள். பொய் சொல்லக் கூடாது, எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மாப்ள பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சலங்கையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான்.

"வரல மாமா" என்றான்.

"என்னடா வரல?"

"கருப்பு. எறங்கல. நானாத்தான் ஆடுனேன்."

கையில் இருந்த வயரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உறுமிக்குத்தான் வரல, பாட்டுக்கு வந்துச்சே?"

"பாட்டுக்கும் ஆறு மாசமா வரல. மொதல்ல எங்க கேட்டாலும் வந்துச்சு. அப்பறம் பாதி வந்துச்சு. அப்பறம் வெறும் சத்தமாப் போச்சு. ஒங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு. நீங்க போனுல ஏத்திக் குடுத்ததுல சரியாயிருச்சுன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தீக." மூக்கை உறிஞ்சினான். "இன்னைக்கு உறுமிக்காவது வருவாருன்னு நெனச்சேன். வரல. நீங்க பாட்டப் போட்டுட்டீக. ஊரே பாக்குது. அக்கா பாக்குறா. ஆடாம நான் என்ன செய்ய?"

"விடுறா. ஊருக்கு நல்லதுதான நடந்துச்சு."

"அந்தப் பிள்ளைக்கு நெத்தியில பூசுனேன். வெறும் சாம்பலு மாமா அது."

அந்தப் பிள்ளையின் புருசன் பிழைத்து வந்தானா என்று யாரும் கேட்க வேண்டாம். வரவில்லை. சாம்பலால் செத்தான் என்று நான் சொல்லவில்லை. மாப்ள அப்படித்தான் நினைக்கிறான். சாவு வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தவன், அதற்கப்புறம் சலங்கையைத் தொடவில்லை. இப்போது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தைக்கிறான். அங்கே எந்நேரமும் கூச்சல், எந்தப் பாட்டும் காதில் ஏறாது என்று அந்த வேலையைப் பிடித்துக்கொண்டான். கடையில் இருந்த அந்தப் படத்தைக் கழற்றிவிட்டேன். சுவரில் சட்டம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. அதைப் பார்த்து, படம் எங்கே என்று கேட்கிறவர்களுக்குச் செல்லரித்துவிட்டது என்பேன்.

இந்த வருசமும் கும்பிடு நடந்தது. நடக்காமல் விடுவார்களா? கும்பிடுக்கு முந்தின நாள் மாப்ள போன் போட்டான்.

"மாமா, எந்த ஜெனரேட்டர் கொண்டு வாரீக?"

"புதுசு. சத்தமே கேக்காது. பக்கத்துல ஒக்காந்து தூங்கலாம்." திண்டுக்கல்லிலேயே முதலில் அதை வாங்கியவன் நான்தான்.

"அது வேணாம். பழசக் கொண்டாங்க."

பழசு தகர டப்பா. ஓட ஆரம்பித்தால் பேசுகிறவன் வாய் மட்டும்தான் அசையும். குடோனில் தூசி படிந்து கிடந்ததைத் துடைத்து ஏற்றிக்கொண்டு போனேன். மாப்ள மேல்சட்டையோடு வந்தான், சாதாரண ஆளாக. சாமி கும்பிட்டான். அப்புறம் ஜெனரேட்டர் பக்கத்தில் டீசல் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

உறுமிக்கு வேறு ஊரில் இருந்து ஒரு செட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாம் சின்னப் பயல்கள். நன்றாகத்தான் அடித்தார்கள். அழைப்பு அடித்தார்கள். அது எங்கள் கோயில் அடி இல்லை. நாலு தரம் திரும்பத் திரும்ப வந்து, உச்சத்தில் சட்டென்று அறுந்தது. பாட்டில் வெட்டி ஒட்டியது எப்படியோ, அப்படியே. கூட்டத்தில் மில்லு வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்குக் கண் மேலே ஏறுவது போல இருந்தது. அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுபோய் முகத்தில் தண்ணீர் அடித்தாள்.

நான் அந்த உறுமிப் பையனிடம் போனேன்.

"ஏலே, மலையேத்துற அடி தெரியுமாடா?"

"அப்படின்னா?"

"சாமிய அனுப்புற அடி."

அவன் தன்னோடு அடிக்கிறவனைப் பார்த்தான். மற்றவன் உதட்டைப் பிதுக்கினான்.

"அது பாட்டுல இல்லைங்களே ஐயா" என்றான்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, அனுப்பத் தெரியாத செட்டை வைத்துக்கொண்டு இந்த வருசம் இதற்குமேல் அழைப்பு வேண்டாம், பொங்கலோடு நிறுத்திக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். என்னிடம் ஒருத்தரும் யோசனை கேட்கவில்லை. அனுப்புகிற அடி என் மிஷினில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், மாப்ளக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டு செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மாப்ள பக்கம் போனேன். ஏதோ கேட்டேன். ஜெனரேட்டர் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. கருப்பு இருக்கிற திக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஒரு கையை மட்டும் ஜெனரேட்டர் தகரத்தின் மேல் வைத்திருந்தான். உடம்பு அசையாமல் இருந்தது. தகரம் அதிர்ந்ததில் அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது.